தண்ணீருக்குச் சிலிர்க்காத ஆடு

1

மார்ச் மாதம் இங்கே சுதந்திரம் வந்து கொடி மாற்றினார்கள். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள், பெரியவர்களுக்குப் பேச்சுக் கொடுத்தார்கள். நான் எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கூட்டத்தில் நிற்பதென்றால் எனக்கு எப்போதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மொரீஷியஸ் வந்து முப்பது வருஷம் ஆகியும் அது மாறவில்லை. இனி மாறி என்ன ஆகப்போகிறது?

இப்போது ஜூலை. நேற்று எதிர்வீட்டு மரியின் மகன் ஒரு காகிதத்தோடு வந்து நின்றான். ஆறு வயது.

"தாந்தின், பஞ்சு இருக்கா?"

தாந்தின் என்றால் இங்கே அத்தை, சித்தி எல்லாம்.

"எதுக்குடா?"

"குளிர்காலம் ஒட்டணும். மிஸ் சொன்னாங்க."

காகிதத்தில் ஒரு பனிமனிதன். குடத்தின்மேல் குடம் வைத்த மாதிரி, தலையில் தொப்பி, மூக்குக்குக் காரட். அதன்மேல் பஞ்சை ஒட்ட வேண்டுமாம். வெளியே எங்கள் ஊர் பீனிக்ஸின் தூறல் விழுந்துகொண்டிருந்தது. இதை இங்கே மாவு மழை என்பார்கள். சல்லடையில் சலித்த மாவு மாதிரி விழும். நனைந்தது தெரியாது, எலும்பு வரைக்கும் இறங்கியிருக்கும். அந்தக் குளிர்காலத்தை யாரும் வரையச் சொல்லவில்லை போலிருக்கிறது.

கொடி மாறிவிட்டது. பனிமனிதன் மட்டும் பதவியில் இருக்கிறான்.

விளக்குத் திரிக்கு வைத்திருந்த பஞ்சில் பாதியைக் கிழித்துக் கொடுத்தேன். அவன் போன பிறகு, இதே மாதிரி ஒரு குளிர்காலத்தில் என் மகள் கமலாவும் இந்தப் பையனின் அம்மா மரியும் ஓர் ஆட்டைப் பற்றி எழுதியது ஞாபகம் வந்தது.

2

ஊரில் இருக்கிறவர்களுக்கு முதலில் காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றும் விளங்காது. இங்கே ஆடியில்தான் குளிர். மார்கழியில் வேர்த்துக் கொட்டும். வந்த முதல் மார்கழியில் நான் இருட்டோடு எழுந்து குளித்து வாசலில் மாக்கோலம் போட்டேன். நடுங்குவதற்குப் பதிலாக விசிறிக்கொண்டேன். கோலத்தைப் பக்கத்து வீட்டுக் கோழிகள் தின்றுவிட்டன. காரைக்காலில் இருக்கும் என் தங்கைக்கு இதை எழுதினேன். "அக்காவுக்குக் கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை" என்று வீட்டில் பேசிக்கொண்டார்களாம்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்பு ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. பெண்பிள்ளையைப் படகில் அனுப்ப வேண்டாம் என்றார்கள். அப்படிச் சொன்னவர்களே பிறகு கல்யாணம் செய்து கப்பலில் ஏற்றி விட்டார்கள். தோட்டங்களில் கலவரம் நடந்ததே, அதற்கு மறுவருஷம். என் வீட்டுக்காரருக்குப் பக்கத்து ஊர் காத்ர் போர்னில் ஒரு துணிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கிற வேலை. கமலா ஒரே பிள்ளை. வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் பாதி இந்த ஊர்ப் பேச்சான கிரியோலில் பதில் சொல்வாள். திட்டினால் முழுக் கிரியோல்.

ஆட்டைப் பற்றி எழுதிய அந்த வருஷம் அவளுக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்தில் மிஸ் என்று ஓர் அம்மாள், நல்லவர், சிரிக்க மட்டும் மாட்டார். மழைக்காக விளையாட்டு மைதானத்தைப் பூட்டிவிட்டார்கள். பெரிய வகுப்பு, சின்ன வகுப்பு எல்லாரையும் ஒரே வராந்தாவில் அடைத்தால் சண்டை வருகிறதென்று, மிஸ் பெரிய பிள்ளை ஒன்று சின்னப் பிள்ளை ஒன்று என்று ஜோடி சேர்த்தார். சேர்ந்து விளையாட வேண்டும். சேர்ந்து ஒரு பிராணியைக் கவனித்து அறிக்கை எழுத வேண்டும். பெரியது எழுதும், சின்னது படம் போடும்.

கமலாவுக்கு வாய்த்தது எதிர்வீட்டு மரி. ஏழு வயது. முழுப்பெயர் மரி வீராசாமி. பெயரில் பாதி சர்ச்சுக்கு, பாதி நமக்கு. மரியின் அம்மா வெளுக்கத் துணி வாங்குகிறவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுப் பூசைக்குப் போவாள், தைப்பூசத்தில் பால்செம்பும் எடுப்பாள். கேட்டால், "ரெண்டு பேருமே வீட்ல இருக்காங்களே, யாரைக் கோவிச்சுக்கச் சொல்றீங்க?" என்பாள். அம்மா, மகள் இரண்டு பேரும் பேசுவது கிரியோல்தான். நான் தமிழில் எழுதுகிறேன், அவ்வளவே.

3

அறிக்கைக்கு மிஸ் நான்கு தலைப்புக் கொடுத்தார். எங்கே வாழ்கிறது. என்ன தின்கிறது. என்ன செய்கிறது. மனிதனுக்கு என்ன பயன்.

நான்காவதில்தான் பிள்ளைகள் திண்டாடினார்கள். ஒரு ஜோடி எலியைப் பற்றி எழுதியது. மனிதனுக்கு என்ன பயன் என்று வீடு வீடாகக் கேட்டுவிட்டு, "பூனைக்குப் பயன்" என்று எழுதினார்களாம்.

கமலாவும் மரியும் எடுத்துக்கொண்டது எங்கள் வீட்டுக் கிடாவை. கறுப்புக் கிடா, நெற்றியில் வெள்ளை. அது வளர்ப்பு ஆடு இல்லை. கமலா கைக்குழந்தையாக இருந்தபோது இவருக்கு மலேரியாக் காய்ச்சல் வந்து பிழைப்பாரோ மாட்டாரோ என்று கிடந்தார். கரும்புக்காட்டு ஓரத்தில் மரத்தடி முனீஸ்வரனுக்கு ஒரு கிடா வெட்டுவதாக வேண்டிக்கொண்டேன். இவர் பிழைத்தார். நான் இன்று நாளை என்று தள்ளினேன். கடைசியில் அந்த வருஷம் ஆடி கடைசி ஞாயிறு என்று நாள் குறித்து, கிடாவையும் வாங்கிக் கட்டியாகிவிட்டது.

"அதுக்கு என்ன பேரு வைக்கலாம்?" என்று மரி கேட்டாள்.

"கப்ரிக்கு எதுக்குப் பேரு?" என்றாள் கமலா, ஆட்டைக் கிரியோலில் சொல்லி. "வெட்டப் போறதுதானே."

எனக்குச் சுருக்கென்றது. மரிக்கு ஒன்றும் இல்லை. "அப்ப படம் மட்டும் போடறேன்" என்றாள்.

அந்த மாதங்களில்தான் ஆலையில் கரும்பு ஆடுவார்கள். புகைபோக்கியிலிருந்து கரித்தூள் மிதந்து வரும். மயிரிழை மாதிரி, சுருள் சுருளாக, கறுப்பாக. காற்று எங்கள் பக்கம் திரும்பினால் முற்றமெல்லாம் கரி. பிள்ளைகளுக்கு அதுதான் பனி. பள்ளி விட்டதும், "லா நேஜ்! லா நேஜ்!" என்று கையை ஏந்திக்கொண்டு ஓடுவார்கள். பிரெஞ்சில் பனிக்கு அதுதான் பெயர். உடையாமல் உள்ளங்கையில் பிடிக்கிறவர் ஜெயித்தவர்.

மரியின் அம்மா கொடிக்கயிற்றின் கீழே நின்று கத்துவாள். "உங்க பனி எல்லாம் என் படுக்கை விரிப்புல விழுது! போய் வேற நாட்ல விளையாடுங்க!"

ஜெயித்தவருக்குப் பரிசு ஒன்று வைத்திருந்தார்கள். மாமரத்தில் கட்டியிருந்த கிடாவின் முதுகில் ஒரு டின் தண்ணீர் ஊற்றலாம். மழை பெய்தால் ஆடு என்ன செய்கிறது என்று மூன்றாவது தலைப்புக்குப் பார்க்க வேண்டுமாம். எங்கள் வீட்டு வரிசையில் இருக்கிற சின்னப் பிள்ளைகள் எல்லாம் அதற்காகவே கரியைத் துரத்தினார்கள். தலைமுடி, சட்டை, மூக்கு எல்லாம் கறுப்பு. நான் அரிசி களைந்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன். தண்ணீரை வீணாக்காதீர்கள் என்பது தவிர வேறு சொன்னதில்லை.

முதல் வாரம் கிடா கொம்பிலிருந்து வால் நுனி வரைக்கும் சிலிர்த்து உதறியது. பிள்ளைகள் கை தட்டினார்கள். அடுத்த வாரம் காதை மட்டும் ஆட்டியது. பிறகு தழையைத் தின்றபடியே நின்றது. கமலா பென்சிலை நாக்கில் தொட்டு எழுதிக்கொண்டாள்.

4

அப்புறம் மிஸ் ஒரு செய்தி சொல்லியனுப்பினார். போர்ட் லூயிஸிலிருந்து இன்ஸ்பெக்டர் துரை வருகிறார். அறிக்கைகளை அவர் கேட்பார். பிராணிகளை அவரே கண்ணால் பார்ப்பார். அதை வைத்துத்தான் யாரை ஸ்காலர்ஷிப் வகுப்பில் சேர்ப்பது என்று முடிவு. அந்த வகுப்பில் சேர்ந்தால் பெரிய பெண்கள் பள்ளிக்கு வழி உண்டு. சேராவிட்டால் ஆறாம் வகுப்போடு சரி, பிறகு தையல்.

துரை வருகிற நாள் ஆவணியில். கிடா போகிற நாள் ஆடியில்.

என் பெண் என்னைப்போல ஆற்றுக்கு இக்கரையில் நின்றுவிடக் கூடாது. அது ஒன்றுதான் எனக்கு இந்த நாட்டில் ஆசை. இந்தப் பக்கம் சாமிக்குச் சொன்ன வாக்கு. சாமி புருஷனைக் கொடுத்திருக்கிறார், இன்ஸ்பெக்டர் இன்னும் ஒன்றும் கொடுக்கவில்லை. இன்ஸ்பெக்டரிடம் தவணை கேட்பதுதான் நியாயம் என்று பட்டது.

மூன்று நாள் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். மிஸ்ஸின் எதிரில் நின்றதும் கிரியோல், தமிழ், எல்லாம் போய்விட்டது. "கப்ரி... ஞாயிற்றுக்கிழமை... போந்யே..." என்று மேலே கையைக் காட்டினேன். போந்யே என்றால் கடவுள். மிஸ் என் தோளைத் தொட்டு, ஆடு செத்துப்போய்விட்டதா, வருத்தப்படாதீர்கள் என்றார். இல்லை, இனிமேல்தான் என்று சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. வந்துவிட்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் இவரிடம் சொன்னேன். "ஏங்க, பூசாரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன். ஆவணி முடியட்டும்னு."

"சாமிகிட்ட வாய்தா கேக்கச் சொல்றியா?" என்றார் இவர். "ஏற்கெனவே பத்து வருஷ வாய்தா. இதுக்கு மேல கேட்டா காய்ச்சலைத் திருப்பி அனுப்பிடுவாரு."

"கமலா படிப்பு?"

"வாத்தை வெச்சு எழுதச் சொல்லு. வாத்துக்கு வேண்டுதல் இல்ல."

இதற்கிடையில் பள்ளிக்குப் பிராணி வருவதானால் சுகாதார அதிகாரியின் காகிதம் வேண்டும் என்றார்கள். அதிகாரி வீட்டுக்கே வந்தார். கிடாவின் கண் இமையைப் புரட்டினார், வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தார், நோய் இல்லை, நெற்றியில் வெள்ளை அடையாளம் என்று எழுதி முத்திரை குத்தினார். நான் கப்பலை விட்டு இறங்கியபோதும் இமையைப் புரட்டி, நாக்கைப் பார்த்து, இடது கன்னத்தில் மச்சம் என்று எழுதினார்கள். கிடா என்னைவிட அமைதியாக நின்றது.

5

ஆடி கடைசி ஞாயிறு வந்தது. தூறல் இல்லை, வெயில் மெல்ல அடித்தது. மரத்தடியில் கரும்பு வெட்டுகிற ஆட்கள், அக்கம்பக்கம், மரியின் அம்மா என்று கூட்டம். நான் பின்னால் நின்றேன். கமலா முன்னால், கையில் பென்சில். நான்காவது தலைப்பு இன்னும் காலியாக இருந்தது. அதை எழுதிக்கொள்ள வந்திருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

வழக்கம் உங்களுக்குத் தெரியும். மஞ்சள் தண்ணீர் தெளித்தால் ஆடு உடம்பைச் சிலிர்க்க வேண்டும். சிலிர்த்தால் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். சிலிர்க்காமல் வெட்டக் கூடாது. காரைக்காலிலும் அதே, கடல் தாண்டி நாலு தலைமுறை ஆன இந்த ஊர்ப் பூசாரிக்கும் அதே. அவருக்குத் தமிழ் மந்திரத்தில்தான் வரும், மற்றதெல்லாம் கிரியோல். ஆனால் இந்த ஒன்றில் கறார்.

பூசாரி வேப்பிலையால் தெளித்தார். கிடா நின்றது.

மறுபடி தெளித்தார். கிடா தலையைத் தூக்கிப் பார்த்தது.

"கைநெறைய ஊத்துங்கய்யா" என்றார் இவர்.

ஒரு செம்பை அப்படியே முதுகில் கவிழ்த்தார் பூசாரி. தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து ஓடியது. கிடா ஒரு எட்டு முன்னால் வந்து, அவர் கழுத்தில் கிடந்த வேப்பிலை மாலையைக் கடித்து இழுத்துத் தின்ன ஆரம்பித்தது.

யாரோ சிரித்தார்கள். யாரோ, "உஷ்" என்றார்கள்.

"இன்னொரு செம்பு" என்றார் இவர். "காதுல ஊத்துங்க."

எனக்குப் பக்கத்தில் மரி தன் அம்மாவின் பாவாடையை இழுத்து, "அம்மா, அதுக்குப் பழகிப் போச்சு" என்று கிசுகிசுத்தாள். அவள் அம்மா, "வாயை மூடு, சாமி இருக்கு" என்றாள்.

அப்போதுதான் எனக்கும் விளங்கியது. தினமும் சாயங்காலம், டின் டின்னாக. கமலா திரும்பி என்னைப் பார்த்தாள். சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வையா, சொல்லாதே என்கிற பார்வையா, இன்றுவரை தெரியாது. நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை பேர் நடுவில் எனக்கு எப்போது வாய் வந்திருக்கிறது? நாக்கு வழக்கம்போல ஒட்டிக்கொண்டது. அதன்மேல் எனக்கு அன்று கோபமே வரவில்லை.

பூசாரி செம்பைக் கீழே வைத்தார். "பா லே, அண்ணே. முனீஸ்வரன் பா லே." வேண்டாம் என்கிறார் என்று அர்த்தம். "ஒரு மண்டலம் விட்டுத்தான் திரும்பக் கேக்கணும். நடுவுல புரட்டாசி, மாமிசம் கூடாது. ஐப்பசியில பாப்போம்."

"வீட்ல என்ன குறையோ" என்று கூட்டத்தில் ஒருத்தி சொன்னாள். மசாலா அரைத்து எடுத்து வந்திருந்த மரியின் அம்மாதான் எல்லாரையும்விட அதிகம் வருத்தப்பட்டாள்.

6

இன்ஸ்பெக்டர் துரை வெள்ளைக்காரர், வயசானவர், மூக்கு மட்டும் சிவப்பு. பெற்றோர் வராந்தாவில் நிற்கலாம் என்றார்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். இவர் கடைக்கு அரைநாள் லீவு போட்டு வந்திருந்தார்.

கமலா இங்கிலீஷில் படித்தாள். மிஸ் எங்களுக்காகக் கிரியோலில் சொன்னார். எங்கே வாழ்கிறது: எங்கள் மாமரத்தடியில். என்ன தின்கிறது: தழை, மா இலை, ஒருமுறை பூசாரியின் மாலை. என்ன செய்கிறது: தண்ணீர் ஊற்றினால் சிலிர்க்கும். தினமும் ஊற்றினால் காதை மட்டும் ஆட்டும். இன்னும் ஊற்றினால் சும்மா நிற்கும்.

என் பக்கத்தில் இவர் மூச்சை நிறுத்தியது எனக்குக் கேட்டது.

துரை நிமிர்ந்து உட்கார்ந்து ஏதோ கேட்டார். ஏன் சிலிர்ப்பதை நிறுத்தியது என்று கேட்கிறார் என்றார் மிஸ்.

கமலா கொஞ்சம் யோசித்தாள். "தண்ணி ஊத்தினா அப்புறம் ஒண்ணும் நடக்கறதில்லன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு."

துரைக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. மேஜையைத் தட்டினார். காகிதத்தைத் திருப்பிப் பார்த்து, மனிதனுக்கு என்ன பயன் என்கிற இடம் காலியாக இருக்கிறதே என்றார்.

மிஸ் அவசரமாகக் குனிந்து, "பால்னு சொல்லு, பால்" என்றார்.

"கிடா பால் தராது, மிஸ்" என்றாள் கமலா. துரையிடம், "இன்னும் பயன்படலை. ஐப்பசியில பயன்படும்" என்றாள். மிஸ் இதை எப்படி மொழிபெயர்த்தாரோ, துரை தலையை ஆட்டினார். மரி போட்ட படத்தையும் பார்த்தார். கறுப்பு ஆடு, அதைச் சுற்றிக் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. இது என்ன பூச்சியா என்றார். "பனி" என்றாள் மரி. துரை திருத்தவில்லை. படத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது இவர் ரயில்பாதையை வேகமாகத் தாண்டினார். பிறகு நின்றார்.

"ஏ புள்ள, உனக்குத் தெரியுமா?"

"எது?"

"முனீஸ்வரன் பா லேன்னு பூசாரி சொன்னாரே, அது ஏன்னு."

"நீங்கதானே செம்பு செம்பா ஊத்தச் சொன்னீங்க" என்றேன்.

இவர் பாதையோரக் கல்லில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். பூசாரியிடம் சொல்வோமா என்று நான் கேட்டதற்கு, "சாமி சொன்னா சொன்னதுதான். நாம யாரு நடுவுல?" என்றார். சாமியிடம் வாய்தா கேட்க மாட்டேன் என்றவர் இவர்தான்.

7

ஐப்பசி வரை கிடாவை யாரும் சீண்டவில்லை. அறிக்கை முடிந்துவிட்டது, ஆலையும் ஓயப் பார்த்தது. பிள்ளைகள் கோலிக்குப் போய்விட்டார்கள். மரத்தடியில் பூசாரி முதல் துளியைத் தெளித்ததும் கிடா வால் நுனி வரைக்கும் சிலிர்த்தது. பழக்கியதெல்லாம் மறந்துபோயிருந்தது. கூட்டம் கைகூப்பியது.

நான் வயிற்று வலி என்று சொல்லிக்கொண்டு ரசம் சாப்பிட்டேன். கமலா இரண்டாவது தடவை கேட்டு வாங்கித் தின்றாள். கை கழுவிக்கொண்டு வந்து நான்காவது தலைப்பை எழுதினாள்: கிடா உருளைக்கிழங்கோடு நன்றாக இருக்கும். மரிக்கும் அதே கருத்து.

கமலாவை ஸ்காலர்ஷிப் வகுப்பில் சேர்த்தார்கள். அங்கிருந்து பெரிய பெண்கள் பள்ளி. பள்ளி மாற மாற எங்கள் வீட்டில் தமிழ் குறைந்துகொண்டே வந்தது. முதலில் திட்டு போயிற்று, பிறகு கதை, கடைசியில் "அம்மா" என்பதும் "சோறு" என்பதும் மிச்சம். நான் வேண்டிக்கொண்டது நடந்தது. ஆற்றைத் தாண்ட வேண்டும் என்றுதானே வேண்டினேன், எந்த ஆறு என்று சொல்லவில்லை. இருபத்தொரு வயதில் லண்டனில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. அங்கேயே இருக்கிறாள். வெள்ளைக்காரர்களுக்கு ஊசி போடுகிறாள்.

முதல் வருஷம் எழுதினாள்: "அம்மா, இங்கே பனி வெள்ளையாகத்தான் இருக்கிறது. பிடிக்க யாரும் ஓடுவதில்லை." இங்கே எனக்குப் பஞ்சு கொண்டு வந்து விளக்குக்குத் திரி திரித்துக் கொடுப்பது, கடைக்குப் போவது, கூட்டத்தில் எனக்காகப் பேசுவது எல்லாம் மரிதான். அவளை எந்த ஸ்காலர்ஷிப் வகுப்பிலும் சேர்க்கவில்லை.

கமலா கிளம்பிய நாளும் ஒரு ஜூலை. இதே மாவுத் தூறல். வாசலில் பெட்டி, எதிர்வீட்டுச் சனம், பூசாரிகூட வந்திருந்தார். வெளியே கால் வைக்கும் முன் இவர் வேப்பிலையை மஞ்சள் தண்ணீரில் தோய்த்துப் பெண்ணின் தலையில் தெளித்தார். அவள் கூந்தலைக் குட்டையாக வெட்டியிருந்தாள். துளி நேராகப் பிடரியில் விழுந்தது.

கமலா தலையிலிருந்து பெட்டி பிடித்த கை வரைக்கும் சிலிர்த்தாள்.

"உத்தரவு கெடச்சாச்சு" என்றார் இவர். "கெளம்பு."

எல்லாரும் சிரித்தார்கள். அவள்தான் அதிகம் சிரித்தாள். தினமும் ஒரு டின் தண்ணீர் ஊற்றிப் பழக்கியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. கூட்டமாக இருந்தது.